முகாம் பிள்ளைக்குக் கல்லூரி உதவித்தொகை: யாருக்கு, எவ்வளவு, எங்கே தடுக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் நிற்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளைகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். மற்றவர்கள் கையில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒரு கட்டே இருக்கும். இவர்கள் கையில் பிளாஸ்டிக் கவருக்குள் மதிப்பெண் பட்டியலும், மடித்து மடித்து ஓரம் நைந்துபோன முகாம் குடும்ப அட்டையும் இருக்கும். அவ்வளவுதான்.

போன ஆண்டு ஒரு பெண் கல்லூரி விண்ணப்பத்தை நீட்டி, சாதி என்ற கட்டத்தில் விரலை வைத்துக் கேட்டாள்: “அண்ணா, இதுல என்ன போடறது?” அவள் பிறந்தது, வளர்ந்தது, பன்னிரண்டு வகுப்பும் படித்தது எல்லாம் தமிழ்நாட்டில்தான். ஆனால் குடியுரிமை இல்லாததால் சாதிச் சான்றிதழ் கிடையாது. அது இல்லையென்றால் இடஒதுக்கீடு இல்லை, பிற்படுத்தப்பட்டோர் நல உதவித்தொகையும் இல்லை. பொதுப் பிரிவு என்றுதான் போட வேண்டும். அந்த ஒரு கட்டத்தால் எத்தனை கதவு அடைபடுகிறது என்று தெரிந்தால்தான், தமிழக அரசு இந்தப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருக்கும் கல்வி உதவி ஏன் முக்கியம் என்று புரியும். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பள்ளிக்கூடம். இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள ‘ஒவ்வொரு குழந்தைக்கும்’ என்று சொல்கிறதே தவிர, குடிமக்களின் குழந்தைக்கு என்று சொல்லவில்லை. அதனால் முகாம் பிள்ளை பக்கத்து அரசுப் பள்ளியில் சேருவதை யாரும் தடுக்க முடியாது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு சில காலம் சாத்தப்பட்டது. அன்றைக்குப் படிப்பை விட்டவர்கள் இன்றைக்குப் பெற்றோர்களாக இருக்கிறார்கள். பிள்ளையின் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் ஏன் இன்னொருவரைத் தேடி வருகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கல்லூரிக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் முகாம் மக்களுக்காக ரூ.317.40 கோடி மதிப்பில் திட்டங்களை அறிவித்தார். அடுத்த நாள் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதில் பெரிய செலவு. கல்விக்கு ஒதுக்கியது அதோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான். ஆனாலும் ஒரு குடும்பத்தின் போக்கை மாற்றக்கூடிய தொகை அதுதான் என்பது என் எண்ணம்.

அந்த அறிவிப்பின்படி பாலிடெக்னிக் மாணவருக்கு ஆண்டுக்கு ரூ.2,500 ஆக இருந்த உதவி ரூ.10,000 ஆனது. கலை, அறிவியல் பட்டப்படிப்புக்கு ரூ.3,000 என்பது ரூ.12,000. பொறியியல் போன்ற இளநிலைத் தொழிற்கல்விக்கு ரூ.5,000 என்பது ரூ.20,000. இவை தவிர, பொறியியல் சேரும் மாணவர்களில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கிறது. வேளாண்மை, வேளாண் பொறியியல் படிப்பில் 5 பேருக்கும், முதுநிலைப் படிப்பு சேருகிற எல்லோருக்கும் அப்படியே.

இந்த 50 என்ற எண்ணைப் பெற்றோர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது மாவட்டத்துக்கு 50 இல்லை, மாநிலம் முழுவதற்கும் 50. கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து பவானிசாகர், தாப்பாத்தி வரை நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் அதே பட்டியலில்தான் வருவார்கள். பட்டியலில் வராத பிள்ளைக்கு ரூ.20,000தான். அதனால் ‘முழுக் கட்டணமும் அரசு கட்டும்’ என்று நம்பிச் செலவு கூடிய கல்லூரியில் இடம் பிடித்துவிடாதீர்கள். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் ரூ.20,000 ஓரளவு தாங்கும். தனியார் சுயநிதிக் கல்லூரியில் அது பாதிக்கே பற்றாது.

வீட்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். முகாமில் அரசு தரும் மாத உதவித்தொகையைப் பணக்கொடை என்பார்கள். அது குடும்பத் தலைவருக்கு ரூ.1,500, மற்ற பெரியவர்களுக்கு ரூ.1,000, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ரூ.500. அப்பா, அம்மா, கல்லூரிப் பெண், நான்காவது படிக்கும் தம்பி என்றால் மாதம் ரூ.4,000. மீதி எல்லாம் அப்பாவின் பெயின்ட் வேலைக் கூலிதான். அப்படிப்பட்ட வீட்டில் கலைக் கல்லூரிக்கு வரும் ரூ.12,000, மாதம் ஆயிரம் ரூபாயாகப் பார்த்தால், அந்தப் பெண்ணின் பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணத்துக்குச் சரியாகப் போய்விடும்.

விண்ணப்பம் போகும் வழி இதுதான்: கல்லூரியில் படிப்பதற்கான சான்று, கட்டணம் கட்டிய ரசீது, மதிப்பெண் பட்டியல், முகாம் அடையாள அட்டை, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு. இவற்றை முகாமைக் கவனிக்கும் வருவாய்த் துறை அலுவலரிடம் கொடுத்தால், அங்கிருந்து ஆட்சியர் அலுவலகம் வழியாகச் சென்னையிலுள்ள மறுவாழ்வுத் துறை ஆணையரகத்துக்குப் போகும். பொறியியல் கலந்தாய்வுக்கு மட்டும் இலங்கைத் தமிழ் அகதி என்பதற்கான சான்றிதழைத் தனியாகப் பதிவேற்ற வேண்டும். ரிசல்ட்டுக்கு முன்பே அதற்கு மனுப் போட்டுவிடுங்கள். ஒரு எழுத்து முக்கியம்: முகாம் அட்டையில் பெயர் ஒரு மாதிரி, டி.சி.யில் இன்னொரு மாதிரி இருந்தால் அந்த விண்ணப்பம் நின்றுவிடும். ‘சாந்தினி’, ‘ஷாந்தினி’ என்ற வித்தியாசத்துக்காக ஒரு பிள்ளையின் பணம் ஓர் ஆண்டு தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பிலேயே சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

வெளியூரில் விடுதியில் தங்கும் பிள்ளைக்கு இன்னொரு விஷயம் உண்டு. முகாமில் ஆள் இருக்கிறாரா என்று அதிகாரிகள் வந்து பார்ப்பதைச் ‘செக்கிங்’ என்பார்கள். அன்றைக்கு இல்லையென்றால் பணக்கொடையில் சிக்கல் வரலாம். எந்தக் கல்லூரி, எந்த விடுதி என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்குப் பணக்கொடை இல்லை. மேலே சொன்ன உதவியும் முகாமில் வாழும் மாணவர்களுக்காக அறிவித்ததுதான். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. வெளியே இருப்பதால் ஒரு குடும்பம் வசதியாகிவிடுவதில்லை.

அப்புறம், பணத்தால் தீராத தடைகள். மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை நீட் எழுதி நல்ல மதிப்பெண் எடுத்தாலும், மாநில ஒதுக்கீட்டு இடத்துக்குக் குடியுரிமை கேட்பார்கள். அரசு வேலைக்கும் அதே கதை. இந்திய பாஸ்போர்ட் இல்லை. பி.இ. முடித்த பையன் அப்பாவோடு பெயின்ட் வாளி தூக்கப் போவதை அடுத்த தெருத் தம்பிகள் பார்க்கிறார்கள். ‘படிச்சு என்ன கிடைக்கப் போகுது’ என்ற கேள்வி அங்கேதான் முளைக்கிறது. அதற்கு அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல என்னால் முடியாது.

குடியுரிமையில் ஒரு தேதியை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1955 குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த விதியைக் காட்டித்தான் 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அம்மா 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் என்றால், அவருடைய பிறப்புச் சான்றிதழ் பிள்ளைக்கும் வழி திறக்கலாம். 2004க்குப் பின் பிறந்த பிள்ளைக்கு விதி இன்னும் இறுக்கம். வழக்கறிஞரைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சலுகை தரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை.

இலங்கைக்குத் திரும்ப நினைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. விரும்பித் திரும்புவோருக்கு ஐ.நா. அகதிகள் முகமை விமானப் பயணத்துக்கு உதவி வந்தது; இப்போது அது கிடைக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் டிக்கெட்டுக்கு முன் பிள்ளையின் படிப்பைப் பாருங்கள். இங்கே பிறந்த பிள்ளையின் பிறப்பை முதலில் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். அது இல்லாமல் அங்கே போனால் பள்ளிச் சேர்க்கையிலிருந்து அடையாள அட்டைவரை இழுபறிதான். அங்கே கல்வியாண்டு ஜூனில் தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்பதற்குப் பதில் சாதாரண தரம், உயர்தரம். பாடத்திட்டமும் வேறு, சிங்களமும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும். பத்தாவது அல்லது பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், தேர்வு முடிந்து சான்றிதழ் கைக்கு வரும்வரை பொறுத்திருந்து கிளம்புங்கள். டி.சி., மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.