ஜூலை மாத 'அபீலியன்' மெசேஜும் 2003 மே வெயிலும்

ஜூலை பிறந்தால் போதும், சளி காய்ச்சலோடு கிளினிக்குக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் போனை நீட்டுவார். "டாக்டர், அபீலியனாமே? ஆகஸ்ட் வரைக்கும் குளிருமாம். அப்புறம் எதுக்கு பூமி சூடாகுதுன்னு சொல்றாங்க?"

அபீலியன் நிஜம்தான். பூமியின் பாதை லேசான நீள்வட்டம்; ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் சூரியனிலிருந்து மிகத் தள்ளி, ஏறத்தாழ 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்போம்; அந்த நிலைக்குப் பெயர்தான் அபீலியன். மெசேஜோ வழக்கமான தூரம் 9 கோடி கிலோமீட்டர் என்றும், இப்போது 66 சதவீதம் தள்ளிப் போகிறோம் என்றும் பயமுறுத்துகிறது. சராசரித் தூரமே சுமார் 15 கோடி. (9.3 கோடி என்பது மைல் கணக்கு. யாரோ அதைக் கிலோமீட்டர் ஆக்கிவிட்டார்கள் போல.) சூரியனுக்கு மிக அருகில் நாம் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது மார்கழிக் குளிரில்! குளிரும் வெயிலும் மாறி வருவது பூமியின் 23.5 டிகிரி சாய்வால். மார்கழியைச் சொன்னதுமே பலரும் சிரித்துவிடுவார்கள், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

விவரம் தெரிந்தவர்கள் கொண்டுவரும் வாதம்தான் கடினம். "2003 மே 31-ல் சென்னையில 45 டிகிரி அடிச்சுதே, இப்ப என்ன புதுசா?" இங்கே எண் சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு. அது ஓர் ஊரின் ஒரு நாள் வெயில். ஒரு நாள் சுகரை மட்டும் பார்த்து நான் மருந்தை மாற்றுவதில்லை, மூன்று மாதச் சராசரியைக் கேட்கிறேன். பூமியின் சராசரியைக் கேட்டால், அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து மிக வெப்பமான 10 ஆண்டுகளும் 2015-லிருந்து வந்தவைதான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. சூரியன்தான் காரணமோ என்றால், 1970-களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் அளந்துவருகின்றன. பூமியின் வெப்பம் ஏறியபோதும் சூரியன் தரும் ஆற்றல் ஏறவில்லை.

குடும்ப குரூப்பில் சித்தப்பா இப்படி எதையாவது அனுப்பினால் எல்லோர் முன்னாலும் மடக்காதீர்கள். அவர் அக்கறையில்தான் அனுப்புகிறார். தனியாக அழைத்து, சரியான தகவலை முதலில் சொல்லி, மெசேஜில் எந்த எண் தப்பு என்று மட்டும் காட்டுங்கள். "பாருங்க, எவ்வளவு பெரிய பொய்" என்று அதே மெசேஜை மறுபடி பரப்புவது வதந்திக்குத்தான் உதவி.

எனக்கு அபீலியனைவிடக் கவலை தருவது "வெயில் நமக்குப் பழகினதுதானே" என்ற பேச்சு. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் அதை நம்பி மே மாத மதியத்தில் வெளியே அலைந்துவிட்டு, தலைசுற்றலோடு வருகிறார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கோடைக்கு முன்பே உங்கள் டாக்டரிடம் அளவைக் கேட்டுவிடுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் சேர்த்து.