தயவுசெய்து துடைக்காதீர்கள்

“சுத்தமாகத் துடைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பெட்டியைத் திறந்தால் எனக்கு வயிறு கலங்கும். பழைய இசைத்தட்டுகளை டிஜிட்டல் கோப்புகளாக மாற்றித் தருவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் சேகரிப்பாளர் ஒருவர், வெளிநாட்டில் வாங்கிய 16 அங்குலத் தட்டு ஒன்றை ஆசையோடு கொண்டுவந்தார். ஜாஸ் நடனக் குழு ஒன்று வாசித்துக்கொண்டிருந்தபோதே வானொலியில் ஒலிபரப்பாகி, அப்படியே தட்டில் வரிப்பள்ளமாக வெட்டப்பட்ட பதிவு. மேலே வெண்மையாக ஏதோ பூத்திருந்ததாம். பூஞ்சை என்று நினைத்து ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டார். துடைத்த இடம் பளபளவென்று இருந்தது. அங்கே இசை இல்லை.

அது பூஞ்சையே அல்ல. நம் தாத்தா வீட்டு கிராமபோன் தட்டு அரக்கில் செய்தது. இந்த நேரடிப் பதிவுத் தட்டு வேறு சாதி: அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. பூச்சு இளக்கமாக இருக்க விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள். காலப்போக்கில் அந்த எண்ணெய் சிதைந்து, பால்மிட்டிக் அமிலம் வெள்ளைப் பொடியாக வெளியே கசியும். பூச்சு சுருங்கும், வெடிக்கும், கடைசியில் செதில் செதிலாக உரியும். பொடியை எடுக்க முறை உண்டு, ஆனால் அது வீட்டில் செய்கிற வேலை அல்ல. ஸ்பிரிட்டோ பூச்சையே கரைத்துவிடும். நடுத் துளையின் ஓரத்தில் உலோகம் மின்னுகிறதா, துளைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது இந்த வகைதான். இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுகள் பலவற்றில் அலுமினியத்துக்குப் பதில் கண்ணாடி இருக்கும். கை நழுவினால் கதை முடிந்தது.

‘போனால் போகிறது, அந்தக் குழுவின் கடைத்தட்டுகள் இருக்கின்றனவே’ என்பார்கள். அங்கேதான் தவறுகிறோம். அன்றைய 10 அங்குல வணிகத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் அடங்கும். மூன்று நிமிடத்துக்குள் பாட்டு, தனி வாசிப்பு, முடிப்பு எல்லாம் வந்தாக வேண்டும். நடன அரங்கில் அந்தக் கெடுபிடி கிடையாது. தொலைபேசிக் கம்பி வழியாக அரங்கின் ஓசை நிலையத்துக்குப் போகும், அங்கிருந்து நாடு முழுக்க. அதைத் தட்டில் வெட்டி வைத்தவர்களின் தயவால்தான் அந்தக் குழுக்கள் உண்மையில் எப்படி வாசித்தன என்பது நமக்குத் தெரிகிறது.

1940 நவம்பர் 7ஆம் தேதி ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் குழு அமெரிக்காவில், வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில், கிரிஸ்டல் பால்ரூம் அரங்கில் வாசித்தது. ரூஸ்வெல்ட் மூன்றாம் முறையாக அதிபர் தேர்தலில் வென்று இரண்டே நாள். ட்ரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்ஸ் அப்போதுதான் பென்னி குட்மன் குழுவுக்குப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்த ரே நான்ஸுக்குக் குழுவில் முதல் சில நாட்கள். ஜாக் டவர்ஸ், டிக் பர்ரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் முன் அனுமதி வாங்கி, தூக்கிச் செல்லக்கூடிய தட்டு வெட்டும் கருவியோடு அங்கே போனார்கள். நிகழ்ச்சியின் ஒரு பகுதி உள்ளூர் வானொலியிலும் போனது. இவர்களோ வானொலி நின்ற பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் பென் வெப்ஸ்டரின் சாக்ஸபோனில் ‘ஸ்டார்டஸ்ட்’ பாடல் அவசரமில்லாமல் விரிவதை இன்று கேட்கிறோம். ஜிம்மி பிளாண்டனின் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் அதிர்வதும் காதில் விழுகிறது. இரண்டே ஆண்டுகளில் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. பதிவு முறையாக வெளிவந்தது 1978இல். பிறகு கிராமி விருதும் பெற்றது. டவர்ஸ் பின்னாளில் பழைய பதிவுகளை மீட்பதில் பெயர்பெற்ற நிபுணரானார். எங்கள் தொழிலில் அவருக்கு ஒரு கும்பிடு உண்டு.

எல்லாத் தட்டுக்கும் அந்த யோகம் இல்லை. பில் சாவரி என்ற பொறியாளர் 1930களின் பிற்பகுதியில் வானொலியிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் தட்டுகள் வெட்டி வைத்திருந்தார். அவர் 2004இல் இறந்த பிறகு, 2010இல்தான் அவை நியூயார்க்கின் ஹார்லெமில் உள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அதற்குள் பல தட்டுகள் மோசமாகச் சிதைந்திருந்தன.

துடைப்பதில் இன்னொரு வகை உண்டு. அது கணினியில் நடப்பது. ‘இரைச்சலே இருக்கக்கூடாது சார்’ என்று கேட்கிறார்கள். தாளிக்கும் கடுகு போலப் பொரிகிற சத்தத்தை ஓரளவு எடுக்கலாம், எடுக்கிறேன். ஆனால் ட்ரம்ஸ் கலைஞரின் ஜால்ரா போன்ற சிம்பல் ஓசையும், பிரஷ் உரசலும், அரங்கின் காற்றும் அந்த இரைச்சலோடு ஒரே இடத்தில்தான் குடியிருக்கின்றன. மென்பொருளுக்கு இரண்டும் ஒன்று. அடிமட்டத்தில் ரீங்கரிக்கும் மின்சார ஓசையைக்கூட நான் முதலிலேயே கொல்வதில்லை. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்; பதிவில் அந்த ஓசை சற்றுத் தாழ்ந்து கேட்டால் தட்டு மெதுவாகச் சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். நம் ஊர் மின்சாரம் 50 என்பதால் என் கருவியின் ஓசையோடு அது குழம்புவதுமில்லை.

ஆகவே யாரிடம் கொடுத்தாலும், கை வைக்காத மூலப் பிரதியை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் முதலில் கேட்டு வாங்குங்கள். மெருகு பிறகு. அதுவரை தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ‘எப்படி இருக்கிறது பார்ப்போம்’ என்று பழைய கிராமபோனில் ஒரே ஒரு முறை போட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இந்த மெல்லிய பூச்சைக் கனமான முள் உழுதுவிடும்.

அந்தச் சேகரிப்பாளர் தட்டை வெளி ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டே வந்து, லேபிளுக்குச் சற்று முன்னால் கை ஓய்ந்து நிறுத்தியிருந்தார். அந்தக் கடைசி நாற்பது விநாடியை எடுத்துக் கொடுத்தேன். கூட்டம் விசிலடித்துக் கை தட்டுகிறது, நிற்காமல் தட்டுகிறது, அறிவிப்பாளர் குரல் அதில் மூழ்குகிறது. எதைக் கேட்டு அப்படித் தட்டினார்கள் என்பது பளபளப்பாக இருக்கும் பகுதியில் இருந்தது.