ஸ்கோர் எழுதும் பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள்

நான் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர். பள்ளிக்கூடங்களுக்குக் கண் பரிசோதனைக்குப் போவது என் வேலையில் பெரும் பகுதி. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்றால், முடிந்தவரை பிள்ளைகள் விளையாடும் நேரமாகப் பார்த்துப் போய்விடுவேன். தலைமை ஆசிரியரைப் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் மைதானத்தின் ஓரம் நிற்பேன். யார் நன்றாக ஆடுகிறார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. ஆட்டத்தில் சேராமல் நிற்பது யார் என்று பார்த்து வைத்துக்கொள்வேன்.

போன வருடம் ஒரு பள்ளியில் எறிபந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். உடற்கல்விக்குத் தனி ஆசிரியர் இல்லாத பள்ளி. வகுப்பாசிரியையே விசில் ஊதிக்கொண்டிருந்தார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து நோட்டில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தாள். "அவளுக்குப் பந்துன்னா பயம் மேடம். கையெழுத்து நல்லா இருக்கும், அதான் ஸ்கோர் போட வெச்சிருக்கோம்" என்றார் ஆசிரியை. நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பந்து கைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

பரிசோதனைக்கு என்னிடம் ஒரு கயிறு உண்டு. சரியாக 6 மீட்டர், இரண்டு முனையிலும் முடிச்சு. தாழ்வாரத்தில் ஒரு முடிச்சுக்கு நேரே அட்டையை மாட்டுவேன், மறு முடிச்சில் பிள்ளை நிற்க வேண்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும். விரல்களால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள். இந்தப் பெண் எழுத்து அட்டையை மடமடவென்று கடைசிக்கு முந்திய வரி வரை சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தேகம். வரிசையில் முன்னால் நிற்கிறவர்கள் சொல்வதைக் கேட்டே பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் மூன்று கால் உள்ள ஆங்கில 'ஈ' எழுத்து அட்டையை மாட்டி, கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கையால் காட்டச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே கை தடுமாறியது.

ஏன் மறைத்தாய் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "கண்ணாடி போட்டா கலைத் திருவிழாவுல டான்ஸுக்குச் சேத்துக்க மாட்டாங்க மிஸ்" என்றாள். அவளுக்கு வலது கண்ணில் மைனஸ் இரண்டேகால், இடது கண்ணில் மைனஸ் இரண்டரை. கிட்டப்பார்வை. மைனஸ் இரண்டரை என்றால் 40 சென்டிமீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக இருக்காது. கும்மி ஆடும்போது பக்கத்தில் இருப்பவள் கைக்கெட்டும் தூரம்; சமாளித்துவிடலாம். நோட்டுப் புத்தகமும் பளிச்சென்று தெரியும். போர்டில் இருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். மதிப்பெண் பெரிதாகக் குறையாது. அதனால் வீட்டிலும் தெரியாது, பள்ளியிலும் தெரியாது. குறை வெளியே தெரிவது மைதானத்திலும் பிரேயரிலும்தான். அறிவியலுக்கான வானவில் மன்றத்தில் சோதனை செய்து காட்டும்போது மேசை மேலேயே சாய்ந்து பார்க்கும் பிள்ளை, மேடையில் நடக்கும் நாடகத்தைப் பார்க்காமல் பின்னால் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை, தூரத்தில் இருந்து கை காட்டினால் பதிலுக்குக் கை காட்டாத பிள்ளை: இவர்களைச் சோம்பேறி, கூச்சம், திமிர் என்று முடிவு கட்டும் முன் ஒரு தடவை அட்டைக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள்.

கிட்டப்பார்வை பெரும்பாலும் வெளிப்படுவது 8 வயதிலிருந்து 12, 13 வயதுக்குள். நடுநிலைப் பள்ளிப் பருவம்தான் அது. கண் விழி முன்பின்னாக நீண்டு வளர்வதால், தூரத்துக் காட்சி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது. உடம்பு வளர வளரப் பவரும் ஏறும். கண்ணாடி போட்டதால்தான் ஏறியது என்று நினைத்துக் கழற்றி வைப்பவர்கள் அநேகம். போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். போடாத பிள்ளைக்குப் பாடமும் ஆட்டமும் போகும். பொன்னாங்கண்ணிக் கீரை நல்லது, தாராளமாகக் கொடுங்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணைத் தடுக்க உதவும். பவரை அது இறக்காது.

தலைமை ஆசிரியர்களிடம் நான் கெஞ்சியே கேட்பது ஒன்று உண்டு. மூன்றாம் பருவம் வந்தால் பிடி பீரியட் கணக்கு பீரியடாக மாறிவிடுகிறது. தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது, 2015-இல் முடிவு வெளியானது. ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் வெளியில் கூடுதலாக ஒரு வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே 30.4 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். தைவானில் 2010 முதல் தினமும் 120 நிமிடம் பிள்ளைகளை வெளியில் இருக்க வைக்கும் இயக்கமே நடக்கிறது. வேலை செய்வது பெரும்பாலும் வெளிச்சம்தான் என்கிறார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வகுப்பறைக்குள் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். பகலில் மர நிழலிலேயே பல ஆயிரம் இருக்கும். அதனால் நம் ஊர் வெயிலில் பிள்ளைகளை நடுமைதானத்தில் நிறுத்த வேண்டியதில்லை. வாசிப்பு வகுப்பை வேப்பமரத்தடிக்கு மாற்றினாலே போதும். ஆனால் ஏற்கெனவே வந்துவிட்ட பவரை இது போக்காது. வராமல் தடுக்கவும் தள்ளிப்போடவும்தான் உதவும்.

அந்தப் பெண்ணுக்கு அரசுத் திட்டத்தில் இலவசக் கண்ணாடி வந்தது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பையின் அடியில், டப்பாவுக்குள், துடைக்கும் துணியோடு மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு இது புதிதில்லை. 'சோடாபுட்டி' என்று ஒருவன் சொன்னால் போதும், கண்ணாடி பைக்குள் போய்விடும். அம்மாவுக்கு வேறு கவலை. "பொம்பளப் புள்ள மேடம், இப்பவே கண்ணாடின்னா நாளைக்கு எப்படி?" என்றார்.

அந்த வகுப்பாசிரியை செய்ததை எல்லாப் பள்ளிக்கும் இப்போது சொல்கிறேன். அடுத்த வாரமே எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவரும் கயிற்று முடிச்சில் நின்று கண்ணை மூடிப் பரிசோதனை செய்துகொண்டார். தனக்கும் கண்ணாடி உண்டு, ஆறாம் வகுப்பில் போட்டது என்று பிரேயரில் சொன்னார். நடனக் குழுவில் அவளைக் கண்ணாடியோடே ஆட வைத்தார். கண்ணாடி நழுவாமல் இருக்கப் பின்னால் ஒரு கயிறு, அவ்வளவுதான். கபடி மாதிரி உடம்போடு உடம்பு மோதும் ஆட்டத்துக்குக் கழற்றி வைக்கட்டும். எறிபந்துக்கும் ஓட்டத்துக்கும் கழற்றச் சொல்லாதீர்கள். ஃபிரேமைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அளவு பெரிதாகிப் போனால் மூக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும், அதற்காகவே கழற்றிவிடுவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பெற்றோர் வரும் அந்தக் கூட்டத்தில் கட்டிடம், கழிப்பறை, சத்துணவு என்று பேசுவதோடு, கண்ணாடி வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் போடுகிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். பவர் மாறுவதால் வருடம் ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லி முடித்தேன்.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மா தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "இவனையும் ஒரு தடவை பாத்துருங்க மேடம். இவன் நல்லாத்தான் ஆடுறான், இருந்தாலும்..." நாலாம் வகுப்பு. கயிற்றை மறுபடி விரித்தேன். வலது கண்ணில் கடைசி வரி வரை கை சரியாகக் காட்டியது. இடது கண்ணில் மூன்றாவது வரியோடு நின்றுவிட்டது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கே தெரியவில்லை. இதைக் கவனிக்காமல் விட்டால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். வயது ஏற ஏறச் சரிசெய்வதும் கடினமாகும். அன்றைக்கே மாவட்ட அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். புதன்கிழமை கூட்டிப்போனார்கள்.