இரும்பு செம்பானால் ஈயம் பொன்னாகாதா?

மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கரைத்த நீரில் இரும்பு ஆணியைப் போட்டால் சற்று நேரத்தில் அதன்மேல் செந்நிறம் ஏறும். போதிய துத்தம் இருந்தால், நாளடைவில் இரும்பு மறைந்து செம்புத்தூள் மட்டும் மிஞ்சும். சுரங்க நீரில் இதைக் கண்ணாரக் கண்ட 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர்கள், ஈயம் பொன்னாவதையும் நம்பியதில் வியப்பென்ன? அவர்களை ஏமாளிகள் என்று தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. 1597இல் ஆண்ட்ரியாஸ் லிபாவியஸ் எழுதிய 'அல்கெமியா'வைத்தான் முதல் வேதியியல் பாடநூல் என்று பலர் சொல்கிறார்கள். புரட்டு ரசவாதிகளைச் சாடிய அவரும் உலோகமாற்றத்தை நம்பியவரே.

ஆணிக்கு நடப்பது இதுதான்: இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து நீரில் இறங்குகின்றன, கரைசலில் இருந்த செம்பு அயனிகள் (எலெக்ட்ரான்களை இழந்த அணுக்கள்) அந்த எலெக்ட்ரான்களைப் பெற்று உலோகமாகப் படிகின்றன. ஏறத்தாழ 56 கிராம் இரும்பு கரைந்தால் 63.5 கிராம் செம்பு கிடைக்கும். எடை கூடுகிறதே! நம்பிக்கை வலுக்காமல் என்ன செய்யும்? ஆனால் செம்பு முன்பே துத்தத்துக்குள் இருந்தது என்பதை, ஜெர்மனியில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆஞ்ஜெலஸ் சாலா 1617இல் எடுத்துக்காட்டினார். துகள்கள் இடம் மாறிக்கொள்கின்றன என்றார் ஹாம்பர்க் அறிஞர் யோவாகிம் யுங்கியூஸ். ரசவாதிகளின் உலையும் தராசுமே இப்படி ரசவாதத்தின் சான்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றின.

அப்படியும் நம்பிக்கை லேசில் போகவில்லை. இளமையில் பொன்னாக்கத்தை ஏற்ற ஜெர்மானிய வேதியியலர் கியோர்க் எர்ன்ஸ்ட் ஸ்டால், முதுமையில் அதை நம்பிப் பணத்தைத் தொலைக்க வேண்டாம் என்று எச்சரித்தார்.

ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தின் யோஹான் சலோமோ செம்லர் கதை இன்னும் சுவையானது. விவிலியத்தையே வரலாற்றுக் கண்கொண்டு ஆராய்ந்த இறையியலர் அவர். 1780களில், 'காற்று உப்பு' என்ற பெயரில் விற்ற மருந்தைக் கண்ணாடிக் குடுவையில் இளஞ்சூட்டில் வைத்தபோது, அதில் பொன் விளைவதாகக் கண்டார். பெர்லின் வேதியியலர் மார்ட்டின் கிளாப்ரோத்துக்கு மாதிரிகளை அனுப்பினார். முதலில் சோதித்ததில் மெய்யாகவே பொன் ரேக்கு இருந்தது. ஆனால் உப்போடு ஒட்டாமல் தனியாகக் கிடந்தது. 1789இல் வந்ததில் இருந்ததோ பித்தளை.

முதலாளியை மகிழ்விக்க செம்லரின் வேலையாள்தான் குடுவையில் ரேக்கைப் போட்டுவந்திருக்கிறார். அந்த வேலையாள் படைப்பணிக்குப் போயிருந்தபோது பொறுப்பேற்ற அவருடைய மனைவி, விலை மலிவென்று பித்தளைத் தகட்டை வாங்கிப் போட்டுவிட்டாராம்.