பெயர்ந்து விழுவதற்குப் பெயர் காரை

இராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில் என் அத்தை வீட்டு முன்வாசல் தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து போன ஆடி மாதம் ஒரு பாளம் விழுந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. ஒரு மீன் கூடை நசுங்கியதோடு போயிற்று. அத்தை போனில் சொன்னது: "காரை பேந்து விழுந்துருச்சுப்பா."

அந்த வீட்டுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. சுண்ணாம்பு ஒரு கைப்பிடி சேராமல் சிமெண்டும் ஜல்லியும் கம்பியும் போட்டுக் கட்டியது. கட்டும்போது "இன்னைக்குக் காங்கிரீட் போடுறோம்" என்று அதே அத்தைதான் ஊருக்கெல்லாம் சொன்னார். விழுந்த அன்றைக்கு அது காரையாகிவிட்டது. செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதுகின்றன. பள்ளிக்கூடத்தில் மேற்கூரை இடிந்தால் "காரை பெயர்ந்து விழுந்தது" என்பதுதான் வாடிக்கையான வரி.

பார்க்க வந்த கொத்தனாரிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். "காரைன்னா பழசு தம்பி, காங்கிரீட்னா புதுசு. விழுந்துட்டா எல்லாம் காரைதான்."

காரை என்றால் சுண்ணாம்புச் சாந்து. சுவரில் பூசியது, கல்லையும் செங்கல்லையும் ஒட்டவைத்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பொருளில் இதன் உறவுச் சொற்கள் புழங்குகின்றன. ஓலைக் குடிசைகள் நிறைந்த ஊரில் வசதியான ஒருவருடைய வீட்டைக் 'காரை வீடு' என்று தனியாகச் சுட்டுவது எங்கள் பக்கம் இன்னும் மறையவில்லை. காரை என்ற பெயரில் ஒரு முள்செடியும் உண்டு. காரைக்குடிக்குப் பெயர் வந்தது அந்தச் செடியாலா காரை வீடுகளாலா என்று இரண்டு கட்சியாகப் பேசுவார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

எழுத்து விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 'காறை' என்று வல்லின றகரம் போட்டால் அது கழுத்தில் அணியும் நகை. கான்கிரீட்டைக் குறிக்கும் 'கற்காரை'யைக் 'கற்காறை' என்று எழுதினால் கல்லால் செய்த கழுத்தணி என்றுதான் பொருள்படும். அது யாருக்கும் வேண்டாம்.

இனி 'கான்கிரீட்'. மூலம் லத்தீன். 'கான்' என்றால் சேர்ந்து, 'கிரெஸ்கெரெ' என்றால் வளர்தல். சேர்ந்து வளர்ந்து கெட்டிப்பட்டது 'கான்கிரீட்டஸ்'. ஆங்கிலத்தில் இந்தச் சொல் தருக்கத்திலும் தத்துவத்திலும் பருப்பொருளைக் குறித்துக்கொண்டிருந்தது. கட்டடப் பொருளுக்கு அது பெயராக நிலைத்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். இத்தனைக்கும் ரோமானியர்கள் அந்தப் பொருளை அள்ளி அள்ளிக் கட்டியவர்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் வேறு. 'கெமெண்டம்' என்றால் அவர்களுக்கு உடைத்த கல்துண்டு, அதாவது நம்முடைய ஜல்லி. அந்தச் சொல்தான் தேய்ந்து 'சிமெண்ட்' ஆகி, கல்லை விட்டுவிட்டுக் கல்லை ஒட்டும் பொடிக்குப் போய்விட்டது. 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயக் கொத்தனார் 'போர்ட்லண்ட் சிமெண்ட்' என்று காப்புரிமை வாங்கியதும், போர்ட்லண்ட் தீவின் கல்லைப்போல அது இறுகும் என்று காட்டத்தான்.

சிமெண்டுக்குத் தமிழில் 'சீமைக்காரை' என்று ஒரு பெயர் உண்டு. நல்ல பெயர்தான். ஆனால் இராமநாதபுரத்துக்காரனிடம் 'சீமை' என்று ஆரம்பித்தாலே அவனுக்குக் கருவேலம்தான் கண்ணில் வரும், கூடவே கோபமும் வரும். 'பைஞ்சுதை' என்றும் சொல்வார்கள். சுதை என்பது வடமொழி 'சுதா'. சுண்ணாம்பு, அமுதம் இரண்டுக்கும் அது பொது. கோபுரத்தில் இருக்கும் சுதைச் சிற்பத்துக்கு அது அழகாகப் பொருந்துகிறது. கொத்தனார் வாயில் மட்டும் நுழையவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் 'சிமெந்து' என்கிறார்கள். ஒலிபெயர்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் அதுவே காதுக்கு இதம்.

கான்கிரீட்டுக்கு வருவோம். 'கற்காரை', 'திண்காரை' என்று இரண்டு சொற்கள் அகராதிகளிலும் பாடநூல்களிலும் இருக்கின்றன. என் ஓட்டு கற்காரைக்கு. திண்மை என்பது அதன் குணம். கல் என்பது அதன் உடம்பு. சாந்துக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள வித்தியாசமே ஜல்லிதானே! சிமெண்டும் மணலும் தண்ணீரும் சேர்ந்தால் காரை, அதில் கல் விழுந்தால் கற்காரை. சொல்லிலேயே கலவை விகிதம் தவிர எல்லாம் இருக்கிறது.

லத்தீன் சொல் ஒரு இடத்தில் நம்மை முந்திவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தளம் போட்ட மறுநாள் "காஞ்சிருச்சா?" என்று கேட்போம். கற்காரை காய்வதில்லை, இறுகுகிறது. சிமெண்ட் துகள் தண்ணீரோடு வினைபுரிந்து, நுண்ணிய படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி வளர்கின்றன. சேர்ந்து வளர்தல் என்று லத்தீன்காரன் சொன்னது அப்படியே சரி. காயவிட்டால் அந்த வளர்ச்சி நின்றுவிடும். அதனால்தான் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். பாத்தி வயல் சொல்; வளரும் பொருளுக்கு அது பொருத்தம்தான். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கோ வெயில் காலத்துக்கோ 10 நாள் என்கிறது கற்காரைக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. 28 நாள் ஆன 150 மில்லிமீட்டர் கனசதுரத்தை நசுக்கிப் பார்த்துத்தான் கல்லூரி ஆய்வகத்தில் வலிமையைச் சொல்வார்கள். 'எம் 30' என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன்.

அத்தை வீட்டுக்குத் திரும்புகிறேன். கொத்தனார் கரணைக் காம்பால் தளத்தின் அடியைத் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் கணீரென்றது. சில இடங்களில் பொத்பொத்தென்று, பழுத்த பலாவைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். அங்கே இன்னும் விழவில்லை, ஆனால் உள்ளே விட்டுவிட்டது. விழுந்த பாளத்தைத் திருப்பிப் பார்த்தேன். கம்பி படுத்திருந்த தடம் வாய்க்கால்போல, செங்காவி நிறத்தில். பாளத்தின் கனம் என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

இதைத்தான் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. நல்ல கற்காரைக்குள் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். அளவு 13-ஐ ஒட்டி. அந்தக் காரம் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தள்ளி வைக்கிறது. ('காரை'க்கும் 'காரம்' என்பதற்கும் உறவு கொண்டாட இந்த இடத்தில் எனக்கு நாக்கு ஊறுகிறது. ஆனால் காரம் வடமொழி 'க்ஷாரம்'. பொருளில் நெருக்கம், பிறப்பில் இல்லை.) உப்புக் காற்றிலிருக்கும் குளோரைடு கற்காரையின் நுண்துளைகள் வழியாக வருஷக்கணக்கில் ஊர்ந்து கம்பியைத் தொட்டதும் படலம் உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் காரையைப் பிளந்து தள்ளும்.

இந்தத் தள்ளலுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பாலிங்'. மாணவர்கள் இதை உருப்போட்டுத் தேர்வில் எழுதுகிறார்கள். 'காரை பெயர்தல்' என்று ஒரு ஆசிரியர் சொன்னால் கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வரும் பிள்ளைக்கு மறுபேச்சு வேண்டாம், வீட்டில் பார்த்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் குடிசார் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கியபோது கலைச்சொல் எங்கே என்று கேட்டவர்கள் நிறையப் பேர். 'தகைவு' (ஸ்ட்ரெஸ்), 'திரிபு' (ஸ்ட்ரெய்ன்) என்று பள்ளி இயற்பியலிலேயே இரண்டு தூண்கள் நட்டு வைத்திருந்தார்கள். கம்பியை இழுத்துவைத்து வலுக்கூட்டும் முறைக்கு, 1928-இல் பிரெஞ்சுப் பொறியாளர் பிரெய்சினே காப்புரிமை வாங்கியதற்கு, 'முன்தகைவுக் கற்காரை' (ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்) என்று அதன் மேலேயே கட்டிவிடலாம். 'முன்னழுத்தம்' என்பதை நான் எழுதுவதில்லை. அழுத்தம் ஏற்கெனவே காற்றுக்கும் ரத்தத்துக்கும் ஓடியாடி உழைத்துக்கொண்டிருக்கிறது.

கம்பிக்கு மேல் இருக்கும் காரையின் கனத்தை எல்லாரும் 'கவர்' என்கிறார்கள். 'போர்வை' என்று சொல்லிப் பார்க்கலாம். கடுமை மிகக் குறைந்த சூழலில் தரநூல் கேட்கும் போர்வை 20 மில்லிமீட்டர். கடற்கரைக் காற்று படும் இடத்துக்கு 45, அலை ஏறி இறங்கும் இடத்துக்கு 75. கம்பி போட்ட கற்காரை என்றால் கடற்கரையில் எம் 30-க்குக் குறையக்கூடாது. கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கடல் நீரில் அது 19,000 வாக்கில் இருக்கும். அத்தை வீட்டுக்குக் கலவை போட்டது கிணற்றுத் தண்ணீரில். அந்தத் தண்ணீரில் வீட்டில் பருப்பு வேகாது. யாரும் அன்றைக்கு அதை யோசிக்கவில்லை, நான் உட்பட.

தனுஷ்கோடிக்குப் போனால் 1964 டிசம்பர் புயல் தின்றது போக, தேவாலயச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பவளக் கல்லும் சுண்ணாம்புக் காரையும். அறுபது வருஷ உப்புக் காற்று அரித்திருக்கிறது, வெடிக்கவைக்கவில்லை. உள்ளே துருப்பிடிக்க இரும்பில்லை. அதற்காகப் பவளக் கல்லுக்குத் திரும்ப முடியாது. 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக் காப்பில் இருக்கிறது. இரும்பில்லாத காரையால் அத்தையின் முன்வாசல் தளத்தைத் தூணில்லாமல் அத்தனை தூரம் நீட்டவும் முடியாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். நம் வீட்டுக்குக் கட்டுப்படியாகிற விலை இல்லை அது.

துருவையும் ஆராய்கிற, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், ஊர்க்காரர்களின் 'சிக்ரி', இருப்பது காரைக்குடியில். உலோகங்களை உப்புக் காற்றில் காட்டிச் சோதிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று எங்கள் மண்டபம். கம்பி எவ்வளவு சீக்கிரம் துருவேறும் என்று பார்க்க இதைவிட மோசமான ஊரைத் தேடுவது கஷ்டம்.

கொத்தனார் கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்தார். முதல் வரி: "பழைய காரை கொத்தி எடுக்க, ஆள் 2." இரண்டாவது: "கம்பி துரு தேய்க்க." மூன்றாவது வரியில் 'காங்கிரீட்' என்று எழுதி, ஏதோ நினைத்துக்கொண்டு அடித்துவிட்டு, 'காரை புதுசு' என்று எழுதியிருந்தார்.