பைரோப்டோசிஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

மூளையின் நோயெதிர்ப்பு செல்கள் சாவதற்கும் அல்சைமர் என்ற மறதிநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம், தமிழில் அது 'செல் இறப்பு' என்ற பொதுச்சொல்லோடு முடிந்துபோகிறது. செல் எப்படிச் செத்தது என்பதுதான் அங்கே செய்தியே. சத்தமில்லாமல் சாகும் செல்லால் பக்கத்துச் செல்லுக்குத் தொல்லை இல்லை. வெடித்துச் சாகும் செல் அக்கம்பக்கத்தையும் கெடுத்துவிட்டுப் போகிறது. இந்த இரண்டாவது வகையில் ஒன்றுக்குத்தான் பைரோப்டோசிஸ் என்று பெயர்.

கிரேக்கத்தில் 'பைர்' என்றால் தீ. காய்ச்சலுக்கான கிரேக்கச் சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். 'ப்டோசிஸ்' என்றால் விழுதல். கண் மருத்துவர்கள் மேலிமை தொய்ந்து விழுவதை 'டோசிஸ்' என்பார்களே, அதே சொல். ஆனால் பைரோப்டோசிஸ் கிரேக்கத்திலிருந்து நேராக வந்ததல்ல. அப்போப்டோசிஸ் என்ற மூத்த சொல்லைப் பார்த்துச் செய்த சொல் அது.

அந்த மூத்த சொல்லின் கதை சுவையானது. ஜான் கெர் என்ற ஆஸ்திரேலிய நோய்க்குறியியலாளர், சில செல்கள் வீங்கி உடையாமல் சுருங்கிச் சாவதைக் கண்டு, முதலில் அதற்குச் 'சுருங்கு நெக்ரோசிஸ்' என்று பெயர் வைத்திருந்தார் (நெக்ரோசிஸ் என்றால் திசுச் சாவு). பிறகு ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரி ஆகியோரோடு சேர்ந்து வேலை செய்தபோது, அங்கே கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கார்மாக் 'அப்போப்டோசிஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொடுத்தார். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் சொல் அது. 1972இல் மூவரும் எழுதிய கட்டுரை வழியாக அது மருத்துவத்துக்குள் நுழைந்தது. உச்சரிக்கும்போது இரண்டாவது 'ப்' ஒலிக்கக் கூடாது என்றுகூட அதில் குறிப்பு இருக்கிறது. யார் கேட்டார்கள்!

கருவில் விரல்களுக்கு இடையே இருக்கும் சவ்வு மறைவது இந்த உதிர்தலால்தான். செல் சுருங்கி, துண்டு துண்டாகி, செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கிழியாமலே பக்கத்துச் செல்களுக்கு இரையாகிவிடும். தடயமே இருக்காது.

1992இல் சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்லைக் கொல்வதைப் பார்த்தபோது, அதையும் அப்போப்டோசிஸ் என்றே எழுதினார்கள். ஆனால் காஸ்பேஸ்-1 என்ற நொதி இயக்கும் இந்தச் சாவு அழற்சியைக் கிளப்புவது, அமைதியான உதிர்தல் அல்ல என்பது பின்னால் தெளிவானது. 2001இல் ஆய்வாளர்கள் பிராட் குக்சனும் மாலி பிரென்னனும் இதற்குத் தனிப்பெயர் கொடுத்தார்கள். பைரோப்டோசிஸ் பிறந்தது அப்படித்தான்.

உள்ளே நடப்பது இதுதான். ஆபத்து என்று உணர்ந்ததும் செல்லுக்குள் இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு திரள்கிறது. அது காஸ்பேஸ்-1ஐ முடுக்கிவிட, அந்த நொதி கேஸ்டெர்மின்-டி என்ற புரதத்தை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் முப்பதுக்கு மேல் வளையமாகக் கூடி, செல்சவ்வில் ஏறக்குறைய 20 நானோமீட்டர் அகலத்தில் ஓட்டை போடுகின்றன. ஓட்டை வழியாக, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதம் வெளியே பாயும். செல் ஊதிப் பெருத்து உடையும். கேஸ்டெர்மினின் இந்த வேலை 2015இல்தான் தெரியவந்தது. இரைப்பையிலும் குடலிலும் தோலிலும் காணப்பட்டதால் அந்தக் குடும்பத்துக்கு வைத்த பெயர் அது.

இப்போது அல்சைமருக்கு வருவோம். மூளைக்கென்று குடியிருக்கும் நோயெதிர்ப்பு செல் மைக்ரோகிளியா. 'கிளியா' என்றால் பசை. அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு-பீட்டா என்ற புரதத்தின் திரள்களை இவை விழுங்கும்போது செல்லுக்குள் இருக்கும் செரிமானப் பைகள் சேதமாகி, என்எல்ஆர்பி-3 என்ற இன்ஃப்ளமசோம் விழித்துக்கொள்கிறது. 2013இல் நரம்பியல் ஆய்வாளர் மைக்கேல் ஹெனெகாவின் குழுவினர், அல்சைமர் போன்ற நோய் வரும்படி மரபணு மாற்றிய எலிகளில் என்எல்ஆர்பி-3 இல்லாமல் பிறந்தவற்றுக்கு நினைவிழப்பும் குறைவு, அமிலாய்டு படிவும் குறைவு என்று காட்டினார்கள். 2017இல் இன்னொரு விஷயம்: மைக்ரோகிளியா வெளியே விடும் ஏஎஸ்சி என்ற புரதப் பொட்டுகளில் அமிலாய்டு ஒட்டிக்கொண்டு மேலும் திரள்கிறது. குப்பை அள்ள வந்தவனே குப்பை சேரவும் காரணமாகிறான்.

ஆனால் இதில் பெரும்பகுதி எலியில் கண்டது. மைக்ரோகிளியா சாகாமலும் இன்டர்லூக்கினை வெளியிட முடியும். ஆகவே பைரோப்டோசிஸ்தான் அல்சைமரை உண்டாக்குகிறது என்று எழுதுவது அவசரம். நோயை வளர்க்கும் வழிகளில் ஒன்று என்பதே சரி.

சரி, தமிழில்? அப்போப்டோசிஸுக்கு 'செல் தற்கொலை' என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். தலைப்புக்குக் கவர்ச்சி, பொருளுக்குக் கேடு. 'திட்டமிட்ட உயிரணு இறப்பு' சரியான விளக்கம், ஆனால் பைரோப்டோசிஸும் திட்டமிட்டதுதானே? கிரேக்கச் சொல்லின் படிமம் நம்மிடம் அப்படியே இருக்கிறது. அரும்பு, மொட்டு என்று பூவின் பருவங்களை அடுக்கும் வரிசையில் உதிரும் பூவுக்கு 'வீ' என்று பெயர். வீதல் என்றால் சாதல், அழிதல். குறளில் வரும் 'வீயாது' அதுதான். அழகான பொருத்தம், ஆனால் இன்றைக்கு 'செல் வீ' என்றால் யாருக்கும் விளங்காது. 'உதிர்மடிவு' போதும்.

பைரோப்டோசிஸுக்கு 'அழற்சி இறப்பு' என்றால், அழற்சியால் நோயாளி இறந்ததாகப் படிப்பார்கள். அழற்சி என்ற சொல்லுக்குள்ளேயே அழல், அதாவது தீ, இருக்கிறது. அதை எடுத்து 'அழல்மடிவு' எனலாம். புணர்ச்சி விதிப்படி 'அழன்மடிவு' என்றாக வேண்டும். இலக்கணம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும், சொல் உடனே புரிவது முக்கியம். இலங்கைப் பாடநூல் வழக்கில் செல்லுக்குக் 'கலம்' என்பதால் அங்கே 'கல அழல்மடிவு' என்றும் எழுதலாம்.

'மடிவு' என்பதைப் பொதுவாக வைத்துக்கொண்டால் அடுத்த சொல்லுக்கும் வழி கிடைக்கிறது. இரும்பின் துணையோடு கொழுப்பு ஆக்சிஜனேற்றமாகி செல் சாவதற்கு 2012இல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அல்சைமர் மூளையில் இரும்பு கூடுதலாகச் சேர்வது தெரிந்ததே, அதனால் மைக்ரோகிளியா பற்றிய ஆய்வுகளில் இதுவும் அடிபடுகிறது. அதை 'இரும்புமடிவு' எனலாம். கட்டுரையில் முதல் முறை மட்டும் கிரேக்கப் பெயரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்புறம் தமிழ்ப்பெயரிலேயே தொடரலாம்.