அடுத்த ஊசி எந்தத் தேதி?

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கரண்டு (கதிர்வீச்சு) என்று டாக்டர் விளக்கி முடித்ததும், சின்னப் பிள்ளை வைத்திருக்கும் பெண்கள் நேராக எங்கள் மேசைக்கு வந்துவிடுவார்கள். “சிஸ்டர், ஊசி போட்டுட்டுப் போனா பாப்பாவைத் தூக்கலாமா? பக்கத்துல படுக்க வச்சுக்கலாமா?” மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஊசி போடும் வார்டில் செவிலியராக இருக்கும் எனக்கு இது அன்றாடக் கேள்வி.

தாராளமாகத் தூக்கலாம், கட்டிக்கொண்டு தூங்கலாம். புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. கீமோ நடக்கும் காலத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுக்கக் கூடாது. ஊசி போட்ட இரண்டு நாளைக்குச் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் மிச்சம் இருக்கும். அதனால் கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும், நனைந்த துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும். வெளியிலிருந்து கரண்டு வைத்துக்கொண்டு வருபவர் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. இதையெல்லாம் நோயாளியைவிட அக்கம்பக்கத்தார் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். ‘அந்த வீட்டுப் பிள்ளையோட விளையாடாதே’ என்று பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்து, கீமோ நாற்காலியில் உட்கார்ந்து அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

சமீபத்தில் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் வந்தார். முப்பதைத் தாண்டியிருந்தார். மூத்தவன் இரண்டாம் வகுப்பு, சின்னவளுக்கு ஒன்றரை வயது. பால் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் மார்பில் கட்டி தெரிந்திருக்கிறது. பால் கட்டியிருக்கும் என்று வீட்டில் பத்துப் போட்டுப் போட்டே மாதங்கள் ஓடிவிட்டன. பால் கட்டுவது பல தாய்மாருக்கு வருவதுதான். குழந்தைக்குக் கொடுத்து, ஒத்தடம் வைத்து, தேவைப்பட்டால் மருந்தும் எடுத்தால் சில நாளில் கரைந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஒரே இடத்தில் கல் மாதிரி நின்றால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். பால் கொடுக்கும் வயதில் இந்த நோய் வராது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். வரும்.

முதல் ஊசி போட்ட வாரம் அவர் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், பிரெட். எல்லோரும் மறக்காமல் சொல்லிவிட்டுப் போனது: “எது வேணும்னாலும் கூச்சப்படாம சொல்லும்மா.” மூன்றாவது ஊசிக்கு வந்தபோது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். முந்தின இரவு வாந்திக்கு நடுவில் தானே எழுந்து பிள்ளைக்குப் பால் காய்ச்சியதைச் சொன்னார். யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்றதற்கு, “எல்லாருக்கும் வேலை இருக்கும்ல சிஸ்டர்” என்றார்.

நம் பெண்கள் கேட்க மாட்டார்கள். கேட்கச் சொல்வது அவர்கள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதுதான். யார் வீட்டில் என்ன கஷ்டம், யாரிடம் எதைக் கேட்கலாம், போன வாரமும் அவரையே கேட்டோமே என்றெல்லாம் கணக்குப் பார்க்க, காய்ச்சலும் களைப்புமாகக் கிடப்பவரால் எப்படி முடியும்?

அடுத்த முறை அவரோடு அவருடைய மகளிர் குழுத் தலைவி வந்தார். என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டார்: “அடுத்த ஊசி எந்தத் தேதி? அதுக்கப்புறம் எத்தனை நாள் முடியாம இருப்பா? எப்ப எழுந்திருப்பா?” இதைவிட நல்ல கேள்வியை எந்தச் சொந்தக்காரரும் என்னிடம் கேட்டதில்லை. கீமோவின் சிரமங்கள் பெரும்பாலும் தேதி வாரியாக வருபவை. அவருக்குப் போய்க்கொண்டிருந்தது சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின். ஊசி போட்ட நாளிலிருந்து நான்கைந்து நாள் குமட்டல், அசதி. ஏழாவது நாளுக்கு மேல் பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கி, கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும். மூன்றாவது வாரம் ஓரளவு பழைய ஆளாகிவிடுவார். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனாலும் பெரும்பாலும் இப்படித்தான்.

அந்த அம்மா கைப்பையிலிருந்து மாதக் காலண்டரை எடுத்து என் மேசையிலேயே விரித்தார். முதல் ஐந்து நாள் கட்டத்தில் பெயர்கள் எழுதினார். காலைக்கு ஒருவர், ராத்திரித் துணைக்கு ஒருவர். மூத்தவனுக்கு அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டமும் மதியச் சத்துணவும் இருப்பதால், குளிப்பாட்டிக் கூட்டிப்போய் விட ஓர் ஆள் போதும். சின்னவளைப் பகலில் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு ஆயா. இரண்டாவது வாரக் கட்டங்களில், நான் சொன்னதைக் கேட்டு, ‘யாரும் வர வேண்டாம்’ என்று எழுதினார். அந்த நாட்களில் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனாலே பேருதவி. சளி, இருமல் இருப்பவர்கள், அது சொந்தக் குழந்தையாக இருந்தாலும், கொஞ்சம் தள்ளித்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது வாரத்தைக் காலியாக விட்டார். ஏன் என்றேன். “அந்த வாரம் அவளே சமைக்கட்டும். பையனை அவளே பள்ளிக்கூடம் கூட்டிப் போகட்டும். எல்லாத்தையும் நாமளே செஞ்சா அவ எதுக்கு அங்க?” படித்த குடும்பங்களில்கூட இதைப் பலர் யோசிப்பதில்லை. பிள்ளையை மொத்தமாகப் பாட்டி ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். சில சமயம் வேறு வழி இருக்காது, புரிகிறது. ஆனால் முடிந்த நாட்களில் பிள்ளை பக்கத்தில் இருந்தால் அந்தப் பெண்கள் சாப்பிடுவதே வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது வாரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால் போட்டுப் படுக்கவும் கூடாது. எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கும்போது கிருமித் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ராத்திரி எத்தனை மணியானாலும் வண்டி எடுக்கச் சம்மதித்த ஒருவரின் எண், இல்லையென்றால் 108. அந்தத் தெருவில் ஓர் ஆட்டோக்காரத் தம்பி அதற்கு ஒத்துக்கொண்டார்.

சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் சூடாக, அன்றைக்குச் சமைத்ததைக் கொண்டுபோங்கள். இட்லி, குழைந்த பருப்புச் சாதம், நன்றாக வெந்த முட்டை நல்லது. வாய்ப்புண் இருந்தால் காரமும் புளிப்பும் ஆகாது. பழைய குழம்பும் வேகாத காய்கறியும் வேண்டாம். வாட்ஸப்பில் சுற்றும் முள்சீத்தாக் கஷாயத்தை அன்போடு கொண்டுவருபவர்கள் நிறைய. அது மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நிரூபணமாகவில்லை. கீமோவோடு கண்ட கஷாயமும் சேர்ந்தால் கல்லீரலுக்குக் கேடு வரலாம்.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். அதற்கான வருமானச் சான்று, ஆதார், குடும்ப அட்டையோடு அலைய ஒரு தெரிந்த ஆள் வேண்டும். தெருவில் படித்த பிள்ளை ஒருவர் இதை எடுத்துக்கொண்டால் அதுவே பெரிய தொண்டு. ரயிலில் சிகிச்சைக்குப் போய்வர, மருத்துவமனை தரும் சான்றோடு நோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமில்லை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. இதில் எதிலும் சேராத செலவுதான் குடும்பத்தைச் சாய்க்கிறது. கணவர் தறியை விட்டுவிட்டு வரும் நாட்களின் கூலி, பஸ் செலவு, வாரா வாரம் கட்ட வேண்டிய கடன் தவணை. அந்தப் பெண்ணின் தவணையைக் குழுவில் இருந்தவர்கள் முறைவைத்துக் கட்டினார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று, இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியில் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியதுதான். பெண்கள் கூடினால் என்ன ஆகும் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல.

முடி கொட்ட ஆரம்பிப்பது முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில். மொட்டை போடுவது நம்மிடம் சகஜம் என்பதால் “எந்தக் கோயிலுக்கு?” என்று தெரியாதவர்கள் கேட்பார்கள். அதில் தப்பில்லை. தெரிந்தவர்கள் “எங்க சித்திக்கும் இதே வியாதிதான், பாவம் போயிட்டாங்க” என்று ஆரம்பிக்காமல் இருந்தால் போதும். பிள்ளைக்கு விஷயத்தை மறைப்பதும் உதவாது. தான் சேட்டை செய்ததால்தான் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே நினைத்துக்கொள்ளும். அம்மாவுக்கு ஒரு கட்டி, அதற்கு மருந்து போடுகிறார்கள், மருந்தால் முடி கொட்டும், திரும்ப முளைக்கும், உன்னால் வந்ததில்லை. இவ்வளவு போதும். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் ‘எல்லாம் முடிஞ்சுது’ என்று ஊர் நினைக்கிறது. அக்குளில் நெறிகட்டியும் எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையால் பல வாரங்களுக்குக் குடம் தூக்க முடியாது, பிள்ளையையும் தூக்க முடியாது. அப்புறம் கரண்டு, வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம். தினமும் போய்வர வேண்டும், தினமும் பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். முதல் வாரத்தில் கூடியவர்களில் பாதிப் பேர் இந்த வாரங்களுக்கென்று பெயர் கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். கரண்டு முடிந்த பிறகும் பலருக்கு ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் மாத்திரை உண்டு. முதல் சில வருடம், சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும். பரிசோதனைக்கு முந்தின இரவு அவர்கள் தூங்குவதில்லை. கூட யாராவது வந்தால், ரிப்போர்ட் வரும்வரை பேசிக்கொண்டிருக்க ஓர் ஆள் கிடைக்கும். ஆரணிக்காரருக்கு அடுத்த பரிசோதனை தை மாதம். துணைக்கு யார் என்று குழுத் தலைவி இப்போதே எழுதிவிட்டாராம்.